மாலே வரை டிக்கெட் சரி; அதுக்கு மேலே?

மாலத்தீவு டூருக்குப் பணம் கட்டுகிறவர்கள் முதலில் பார்ப்பது டிக்கெட் விலையை. பார்க்க வேண்டியது, விமானம் அங்கே எத்தனை மணிக்கு இறங்குகிறது என்பதை!

விமானம் இறங்குவது தலைநகர் மாலேக்குப் பக்கத்தில், ஹுல்ஹுலே தீவில். தங்கப் போகும் ரிசார்ட்டோ வேறொரு தீவில். தூரத்துத் தீவு என்றால் பெரும்பாலும் கடல் விமானம்தான். தண்ணீரில் இறங்கும் இந்தக் குட்டி விமானம் பகலில் மட்டுமே பறக்கும். அங்கே பொழுது சாய்வது சுமார் 6 மணிக்கு. பிற்பகல் 3.30, 4 மணிக்கு மேல் போய் இறங்கினால் அன்றைக்கு அது கிடைப்பது கஷ்டம். கொழும்பில் விமானம் மாறிப் போகிறவர்கள் இதை ரொம்பவே கவனிக்க வேண்டும்.

தவறவிட்டால்? மாலேயில் ஒரு ராத்திரி ஓட்டல் வாடகை. ரிசார்ட்டுக்குக் கட்டிய முதல் நாள் பணம் கோவிந்தா! டிக்கெட்டில் மிச்சம் பிடித்த ஆயிரம், ரெண்டாயிரம் எந்த மூலைக்கு?

திரும்பும்போதும் இதே கதைதான். அதிகாலை விமானம் என்றால் முந்தின நாளே தீவைக் காலி செய்ய வேண்டும்.

கடல் விமானத்துக்குப் போக வர தலைக்கு 400 டாலருக்கு மேல் வாங்கும் ரிசார்ட்டுகள் உண்டு. "இதுவும் பேக்கேஜில் சேர்ந்ததா?" என்று கேட்டால், "அதெல்லாம் பாத்துக்கலாம் சார்" என்று மழுப்பும் ஏஜெண்டுகளை என்ன சொல்வது? பில்லிலேயே எழுதித் தரவேண்டாமா?

சம்பளக்காரர்களுக்கு மாஃபுஷி மாதிரி பக்கத்துத் தீவே தேவலை. உள்ளூர் ஜனங்கள் வசிக்கும் தீவு. வாடகை அறைகள் நிறைய. ஸ்பீடு போட்டில் போய்விடலாம். இருட்டினாலும் போட் ஓடும்.