பாட்டிக்குப் பெயர் இல்லையா?

கம்போ செய்முறை எதை எடுத்தாலும் முதல் வரியில் ஒரு பாட்டி நிற்கிறாள். அமெரிக்காவின் லூசியானாவில் உருவான இந்தக் குழம்பைப் 'பாட்டி காலத்துப் பாரம்பரியம்' என்று விற்கிறார்கள். அந்தப் பாட்டி யார், யார் வீட்டு அடுப்பில் நின்றாள், கூலி வாங்கினாளா என்பதை மட்டும் சொல்வதில்லை.

கம்போ என்ற சொல்லே ஆப்பிரிக்காவின் பாண்டு மொழிகளில் வெண்டைக்காயைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. அடிமைகளாகக் கடத்தப்பட்டவர்களோடு அதுவும் கடல் கடந்தது. குழம்பை இறுக்கும் ஃபிலே, சாசஃப்ராஸ் இலையைக் காயவைத்து இடித்த பொடி; சொக்டா பழங்குடியினர் தந்தது. மாவைக் கொழுப்பில் வறுத்தெடுக்கும் 'ரூ' பிரெஞ்சுப் பெயர் கொண்டது. இம்மூன்றில் எதற்கு முதல் மரியாதை என்று சொல்லவும் வேண்டுமா?

சரி, ரூவையே எடுத்துக்கொள்வோம். பெயர் பிரெஞ்சு, கிண்டிய கை யாருடையது? எண்ணெயும் மாவும் சம அளவு. தணிந்த தீயில் 30, 40 நிமிடம் கை எடுக்காமல் கிண்ட வேண்டும். பொன்னிறம் தாண்டி, செம்பழுப்பு தாண்டி, சாக்லேட் நிறம் வர வேண்டும். கரும்புள்ளி தெரிந்தால் போயிற்று, கொட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து. நிறம் ஏற ஏற மணம் கூடும், குழம்பை இறுக்கும் வலு குறையும். அதை ஈடுகட்ட வெண்டைக்காயா, ஃபிலேயா என்று முடிவெடுக்க வேண்டும். ஃபிலே என்றால் இறக்கிய பிறகே தூவ வேண்டும். கொதிக்கும்போது போட்டால் நூல்நூலாய் இழுக்கும். இது அறிவு, சோதித்துச் சோதித்துச் சேர்த்த அறிவு. ஆண் செய்தால் இதற்குக் 'கலை' என்று பெயர். பெண் செய்தால் 'கைமணம்'. (தமிழும் இதில் சளைத்ததல்ல.) அறிவைக் கையோடு பிறந்த வாசனையாக்கிவிட்டால் அதற்கு யாரும் கூலி கேட்க முடியாதல்லவா?

பெயர்கள் இல்லாமல் இல்லை. அடிமை முறையில் பிறந்து, கல்வி மறுக்கப்பட்ட ஆபி ஃபிஷர் சொல்லச் சொல்லப் பிறர் எழுதிய சமையல் நூலை 1881-ல் சான் பிரான்சிஸ்கோவின் பெண்கள் கூட்டுறவு அச்சகம் வெளியிட்டது. திருமதி ஃபிஷருக்குத் தெரிந்தவை என்று தலைப்பிலேயே அவர் பெயர். நான்கே ஆண்டுகளில் லாஃப்காடியோ ஹெர்ன் தொகுத்த கிரியோல் சமையல் நூல் வந்தது. அதன் முகப்பு, செய்முறைகளைத் தந்தவர்களாகத் தலைசிறந்த சமையற்காரர்களையும் புகழ்பெற்ற இல்லத்தரசிகளையும் குறிப்பிடுகிறது. அந்த இல்லத்தரசிகளின் அடுக்களையில் கரண்டி பிடித்த கறுப்பினப் பெண்ணுக்கு முகப்பில் ஒரு சொல் கிடையாது. 1939-ல் லேனா ரிச்சர்ட் தன் நூலைத் தானே அச்சிட்டார். 1949-ல், இனப் பாகுபாடு சட்டமாக இருந்த நியூ ஆர்லியன்ஸில், தொலைக்காட்சியில் சமைத்துக் காட்டினார். இத்தனைக்குப் பிறகும் 'யாரோ ஒரு பாட்டி' என்பவர்களின் மறதியை நான் அப்பாவித்தனம் என்று நம்பத் தயாராக இல்லை.

ரூ இல்லாவிட்டால் அது பாரம்பரியக் கம்போவே அல்ல என்று தீர்ப்பு எழுதுவோரும் இருக்கிறார்கள். அவர்கள் ஃபிஷரின் வெண்டைக்காய்க் கம்போவைப் படிக்கட்டும். மாட்டுக் காலெலும்பை ஒரு கேலன் நீரில் இட்டு, அரை கேலனாகச் சுண்டவைத்து, வடிகட்டி, நறுக்கிய வெண்டைக்காய், உப்பு, மிளகு. சோறு தனியாக; வேகும்போது அதைக் கிளறவே கூடாது என்று கண்டிப்பு. மாவு ஒரு சிட்டிகைகூட இல்லை.