குரல் எட்டாத ஆழம்

வானொலி அலையால் இயங்கும் மாதிரி நீர்மூழ்கிக் கப்பலை அமைக்கும் மாணாக்கர்க்கு நாம் கூறுவது இது: மூழ்கச் செய்வது எளிது, மீளச் செய்வதே அரிது. தொட்டியில் நீரை ஏற்றினால் கப்பல் தாழும், வெளியேற்றினால் எழும். ஆயின், அக்கட்டளை நீரினூடே செல்லவேண்டுமே! மாதிரி விமானங்களை இயக்கும் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையைச் சிறிது ஆழத்திலேயே நீர் விழுங்கிவிடும். 40 மெகாஹேர்ட்ஸ் அலை நன்னீரில் சில மீற்றர் இறங்கும். கடல்நீரில் அதுவும் விரைவில் மாயும். ஆகவே, நன்னீர்க் குளமே இதற்கு உகந்தது.

கைதேர்ந்தோர் இன்னொன்றும் செய்வர். கட்டளை அறுந்தவுடன் தொட்டி தானாகவே நீரை உமிழுமாறு உள்ளே ஒரு மின்சுற்றைப் பொருத்துவர். கப்பல் மேலெழுந்துவிடும்.

நமது குரல் எட்டாத இடத்துக்கு நம் பிள்ளைகளும் ஒருநாள் செல்வர். அவர்களுக்குள்ளும் அத்தகைய ஓர் அமைப்பை முன்னரே பொருத்திவைத்தல் பெற்றோர் கடனாகும்.