கடன்சீட்டில் எழுதப்பட்ட போர்கள்

திருச்சியிலிருந்து துறையூர் செல்லும் பாதையில் உள்ள திருவெள்ளறையில், சுவஸ்திக வடிவில் வெட்டப்பட்ட பெருங்கிணறு ஒன்று உண்டு. பல்லவன் தந்திவர்மன் ஆட்சியில், ஏறத்தாழ 1200 ஆண்டுகளுக்கு முன்பு, கம்பன் அரையன் என்பவர் வெட்டுவித்தது அது. ஒருவரின் பொருள் ஊருக்குத் தண்ணீரான வரலாற்றை அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. இதே சீமையில் வணிகரின் பொருள் ஊருக்குப் போராக வந்த வரலாறும் உண்டு. அதை நாம் மறந்துவிட்டோம்.

திருச்சி நத்ஹர் வலி தர்காவுக்கு ஜியாரத் செல்வோர், சந்தா சாஹிபும் வாலாஜா முஹம்மது அலியும் அங்கே அடங்கியிருப்பதை அறிவர். “இரண்டு நவாபுகள் பதவிக்காகச் சண்டையிட்டு, நாட்டை வெள்ளையனிடம் பறிகொடுத்தார்கள்” என்று சொல்லி நகர்ந்துவிடுவது நம்மவர் வழக்கம். இது பாதி உண்மை. மறைந்திருக்கும் மறுபாதியே முக்கியமானது.

1748ஆம் ஆண்டு உடன்படிக்கையால் ஐரோப்பாவில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் சமாதானமாகிவிட்டனர். ஆயினும் 1751இல் திருச்சிக் கோட்டை முற்றுகையிடப்பட்டது. மறு ஆண்டு சமயபுரத்திலும் ஸ்ரீரங்கத்திலும் பீரங்கிகள் முழங்கின. அரசர்கள் சமாதானத்தில் இருக்கும்போது போரிட்டது யார்? இரண்டு வணிகக் கும்பினிகள்! சந்தா சாஹிபுக்குப் பின்னே ஒன்று, முஹம்மது அலிக்குப் பின்னே மற்றொன்று. 1752 ஜூனில் ஸ்ரீரங்கத்தில் பிரெஞ்சுப் படை சரணடைந்தது. சந்தா சாஹிபின் தலை கொய்யப்பட்டது. வென்றவர் முஹம்மது அலி என்று எழுதுகிறார்கள். வென்றவருக்குக் கிடைத்தது என்ன? போர்ச் செலவின் கடன்சீட்டு!

அக்கடனை அடைக்க அவர் சென்னையில் இருந்த கும்பினி உத்தியோகஸ்தரிடமே தனிப்பட்ட முறையில் மேலும் கடன் வாங்கினார். அவர்கள் கேட்ட வட்டியோ கொடிது. திருவல்லிக்கேணியில் தம் பெயரால் பெரிய பள்ளிவாசல் விளங்கப் பெற்ற ஒரு முஸ்லிம் மன்னர், மார்க்கம் விலக்கிய வட்டிக்குத் தம் குடிகளின் வரியையே ஈடு வைத்தார். நம்மவர் என்பதற்காக இக்குற்றத்தை நாம் மூடி மறைக்கப் போவதில்லை.

ஈடு வைத்த நிலம் போதாதபோது, பிறர் நிலம் தேவைப்பட்டது. 1773இல் கும்பினிப் படை நவாபுக்காகத் தஞ்சையைப் பிடித்தது; மன்னர் துல்ஜாஜி சிறைப்பட்டார். தஞ்சையின் விளைச்சல் கடன் கொடுத்தோருக்கு எழுதிக் கொடுக்கப்பட்டது. 1776இல் சென்னை கவர்னர் பிகட் பிரபு, இலண்டன் இயக்குநர்களின் ஆணைப்படி தஞ்சையை மன்னரிடம் திருப்பித் தந்தார். உடனே எழுந்தார் பால் பென்ஃபீல்டு என்ற இளநிலை உத்தியோகஸ்தர். தஞ்சை வரியில் நவாப் தமக்கு எழுதித் தந்தது 1,62,000 பவுன் என்றும், அந்நாட்டுக் குடிகள் தமக்குத் தரவேண்டியது 72,000 பவுன் என்றும் உரிமை கோரினார். பிகட் இணங்கவில்லை. 1776 ஆகஸ்டு 24ஆம் நாள், அவருடைய ஆலோசனைச் சபையின் பெரும்பான்மையினரே அவரைக் கைது செய்வித்தனர். மறு ஆண்டு மே மாதம் காவலிலேயே அவர் மாண்டார். கவர்னரையே சிறைவைக்க வல்லது கடன்சீட்டு என்றால், போரை மூட்டுவது அதற்கு அரிய காரியமா?

இலண்டன் அரசு இதை விசாரித்ததா? இல்லை. கடன்களைத் தீர ஆராயாமலே, கர்நாடக வருவாயிலிருந்து ஆண்டுக்கு 12 இலட்சம் வராகன் கொடுக்க ஏற்பாடு செய்தது. 1785 பிப்ரவரி 28ஆம் நாள் நாடாளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் இதனைக் கடுமையாகச் சாடினார். பென்ஃபீல்டு தம் செல்வாக்கால் எட்டு உறுப்பினர்களை அவைக்குள் அனுப்பியிருந்தார் என்றும் குற்றஞ்சாட்டினார். அன்று அவர் பேச்சு எடுபடவில்லை. 1801இல் கர்நாடகத்தைக் கும்பினி எடுத்துக்கொண்ட பின், கடன் கோரிக்கைகளை ஆராய 1805இல் குழு அமைந்தது. கால் நூற்றாண்டு ஆராய்ந்தபின் தெரிந்தது என்ன? கோரப்பட்ட சுமார் 3 கோடி பவுனில் பத்தில் ஒரு பங்குகூட நியாயமானதாக ஏற்கப்படவில்லை! அதற்குள் திருவெள்ளறை போன்ற ஊர்களின் உழவர் எத்தனை அறுவடையை வரியாக அளந்திருப்பர்!

“அது கும்பினி காலம், இன்று மக்களாட்சி அன்றோ?” என்பர் சிலர். நாட்டுக்குப் பாதுகாப்பு வேண்டாம் என்று நாம் கூறவில்லை. எல்லையில் நிற்கும் வீரனை நாம் குறை சொல்லவுமில்லை. ஆனால், 2018 முதல் கம்பெனிகள் பெயர் மறைத்துக் கட்சிகளுக்குப் பணம் வழங்கத் தேர்தல் பத்திரம் என்ற வழி இருந்தது; 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தடுக்கும் வரை அது நடந்தது. 2024-25இல் 23,622 கோடி ரூபாய்க்குப் படைக்கலம் ஏற்றுமதியானதைப் பெருமையாக அறிவித்த அரசு, 2029க்குள் அதை 50,000 கோடியாக்கப் போவதாகவும் கூறியது. படைக்கலம் விற்பவனுக்குச் சமாதானம் நஷ்டம். அந்த வியாபாரி ஆட்சியாளருக்கு நன்கொடை தருபவனாகவும் இருந்தால், போர் வேண்டுமா என்ற கேள்விக்கு விடை சொல்வது யார்?

ஆகவே நாம் கேட்பது ஒன்றே. போர் முழக்கம் எழும்போதெல்லாம் யார் வீரர், யார் துரோகி என்று வழக்காடுமுன், கணக்கைக் காட்டச் சொல்லுவோம். விற்றவர் யார், கொடுத்தவர் யார், வாங்கியவர் யார்? கிணறு வெட்டியவரின் பெயர் 1200 ஆண்டுகளாகக் கல்லில் நிற்கிறது. போரில் இலாபம் கண்டவரின் பெயர் மட்டும் ஏன் மறைவில் இருக்க வேண்டும்?