முப்பது மில்லி

“காசு இருக்கு, கத்தி வெச்சு இளைச்சுக்கிட்டா. வேறென்ன?”

அக்காவுக்கு எடைக்குறைப்பு அறுவை முடிந்த ஒன்பதாவது நாள். நலம் விசாரிக்க வந்த பெரியம்மா ஹாலில் உட்கார்ந்தபடி யாரிடமோ போனில் சொன்னார். உள்ளறையில் அக்கா இருமல் டானிக் மூடியில் நீர்மோர் குடித்துக்கொண்டிருந்தாள். முப்பது மில்லி மூடி. ஒரே மடக்கில் குடிக்கக் கூடாது. நாலைந்து வாயாகப் பிரித்துக் கால் மணி நேரத்துக்கு இழுக்க வேண்டும். கதவு திறந்துதான் இருந்தது. மூடியை மேசையில் வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அன்று இரவு வரை அடுத்த மூடியை அவளைக் குடிக்க வைக்க முடியவில்லை.

பெரியம்மா பொல்லாதவர் இல்லை. ஊர் சொல்வதைத்தான் அவரும் சொன்னார். இது சோம்பேறிகளின் குறுக்குவழி, வாயைக் கட்டத் தெரியாதவர்கள் செய்துகொள்வது, ஓட்டை போட்டுச் செய்கிற சின்ன ஆபரேஷன், அப்புறம் பசியே இருக்காது, எடை குறைந்தால் மனசும் தானாகச் சரியாகிவிடும். நான் மருத்துவர் இல்லை. அந்த முதல் ஆறு வாரமும் அவள் கூடவே இருந்தவள். அந்தப் பேச்சுகள் ஒவ்வொன்றும் எவ்வளவு தவறு என்பதையும், அவை கட்டிலில் படுத்திருப்பவரை என்ன செய்யும் என்பதையும் பார்த்துவிட்டதால் எழுதுகிறேன்.

‘வாயைக் கட்டியிருந்தா போதாதா?’ என்பதிலிருந்து தொடங்குகிறேன், அதுதான் அதிகம் வலிப்பது. அக்கா 118 கிலோ இருந்தாள். சர்க்கரை, மூட்டுவலி, இரவில் மூச்சுத் தடைபட்டுத் திடுக்கிட்டு எழுவது எல்லாம் இருந்தன. பதினெட்டு வருடமாக வாயைக் கட்டியவள் அவள். பேலியோ இருந்தாள், கொள்ளுக் கஞ்சி குடித்தாள், விடியற்காலை நடந்தாள். ஒவ்வொரு முறையும் பத்துப் பன்னிரண்டு கிலோ குறைந்தது, ஒவ்வொரு முறையும் பதினைந்தாகத் திரும்பியது. இது அவளுடைய மன உறுதிக் குறைவு என்று சொல்பவர்கள் ஸ்வீடனைப் பார்க்கட்டும். அங்கே 1987இல் தொடங்கிய ஓர் ஆய்வில் அறுவை செய்துகொண்ட 2,010 பேரையும், செய்துகொள்ளாத 2,037 பேரையும் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அறுவை செய்யாதவர்களின் சராசரி எடை 15 ஆண்டு வரையிலும் 2 சதவீதம்கூட மாறவில்லை. இரண்டாயிரம் பேருமா சோம்பேறிகள்? அமெரிக்காவில் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் உடற்பயிற்சியாலும் உணவுக் கட்டுப்பாட்டாலும் எடையைப் பெருமளவு குறைத்த 14 பேரை, ஆறு ஆண்டு கழித்துக் கெவின் ஹால் என்ற ஆய்வாளரின் குழு பரிசோதித்தது. அவர்கள் உடம்பு, அந்த எடைக்கு எரிக்க வேண்டியதைவிட ஒரு நாளைக்குச் சுமார் 500 கலோரி குறைவாக எரித்துக்கொண்டிருந்தது. இழந்த எடையைத் திரும்பப் பெற உடம்பே பாடுபடுகிறது. அதற்கு எதிராகத்தான் அக்கா பதினெட்டு வருடம் போராடியிருக்கிறாள்.

அழகுக்காகச் செய்துகொள்வது என்று இன்னொரு பேச்சு. நம் நாட்டின் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இலேயே, உடல் நிறைக் குறியீடு 40 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, 35 அல்லது அதற்கு மேல் இருந்து கடுமையான துணைநோய்களும் இருந்தாலோ இது மருத்துவச் சிகிச்சை என்று விதி வகுத்துவிட்டது. அழகு சிகிச்சைக்குக் காப்பீடு கிடையாது. இதற்குமேல் இந்தப் பேச்சுக்குப் பதில் தேவையில்லை.

‘அஞ்சு ஓட்டைதானே, அடுத்த நாளே நடக்க வெச்சுடறாங்களே.’ ஓட்டை சின்னதுதான், உள்ளே நடப்பது சின்னதில்லை. அக்காவுக்குச் செய்தது ஸ்லீவ். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை வாழைப்பழம் போன்ற ஒரு குழாயாக நீளத்துக்கு ஸ்டேபிள் போட்டு மூடுகிறார்கள். பைபாஸ் என்ற இன்னொரு வகையில் இரைப்பையின் மேல்நுனியில் முப்பது மில்லி அளவுக்கு ஒரு பையை மட்டும் பிரித்துக் குடலோடு இணைக்கிறார்கள். வேலை செய்ய இடம் வேண்டி வயிற்றுக்குள் கரியமில வாயு ஏற்றுவார்கள். அதில் மிஞ்சியது உதரவிதானத்தை உறுத்த, வலி தோள்பட்டையில் தெரியும். முதல் இரவு அக்கா கையைப் பிடித்துக்கொண்டு அழுதது வயிற்று வலிக்காக இல்லை, தோள் வலிக்காக. சீக்கிரம் நடக்க வைப்பதற்குக் காரணமும் அறுவை லேசானது என்பதில்லை. காலில் ரத்தம் உறைந்து அது நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. அதற்காகத்தான் அந்த நடை, அந்த இறுக்கமான காலுறை, வயிற்றில் தினம் ஓர் ஊசி. மூச்சுப் பயிற்சிக்குக் கொடுத்த, மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் கருவியை உறிஞ்சி உறிஞ்சி மூன்றையும் மேலே எழுப்புவதற்கு அவளுக்கு நாலு நாள் ஆனது.

நேர்மையாக ஒன்றையும் சொல்ல வேண்டும். தேர்ந்த கைகளில் இது பாதுகாப்பான அறுவைதான். உயிரிழப்பு ஆயிரத்தில் ஓரிருவர் அளவில்தான், பித்தப்பை அறுவையோடு ஒப்பிடத்தக்கது. பயமுறுத்துவது என் நோக்கமில்லை. ஆனால் ஸ்டேபிள் போட்ட இடத்தில் கசிவு நூற்றில் ஒருவர் இருவருக்கு வரலாம். அது பெரும்பாலும் வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். காய்ச்சல், மூச்சுவாங்கல், நாடித்துடிப்பு 120ஐத் தாண்டுவது, காரணம் சொல்ல முடியாத ஒரு பதைப்பு. ‘சின்ன ஆபரேஷன்தானே, கேஸா இருக்கும்’ என்று சோடா வாங்கிக் கொடுக்கும் வீட்டில் ஒரு முழு இரவு வீணாகப் போய்விடும்.

இனி ‘வயிறு சின்னதாயிட்டா பசியே இருக்காது, சாப்பாடு தானா குறைஞ்சுடும்’ என்பது. பாதி உண்மை என்பதால் இது இன்னும் கெடுதல். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோனை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1999இல் கண்டுபிடித்தார்கள். அது அதிகம் சுரக்கும் இரைப்பையின் மேல்பகுதி ஸ்லீவ் அறுவையில் வெட்டுப்பட்டுப் போகிறது. ஆகவே முதல் வாரங்களில் பசி உண்மையாகவே அடங்கியிருக்கும். அப்போதுதான் வேலை ஆரம்பிக்கிறது. பசிக்காத உடம்புக்குள் வேண்டியதையெல்லாம் கணக்குப் பார்த்துச் செலுத்தியாக வேண்டும்.

ஒரு நாளைக்குக் குறைந்தது ஒன்றரை லிட்டர் திரவம் என்று எழுதிக் கொடுத்தார்கள். கால் மணிக்கு முப்பது மில்லி என்றால் மணிக்கு 120. ஒன்றரை லிட்டருக்குப் பன்னிரண்டரை மணி நேரம். விழித்திருக்கும் நேரம் முழுக்க அந்த மூடியோடுதான் இருக்க வேண்டும். அதற்குள்ளேயே 60 கிராம் புரதமும் போக வேண்டும். அம்மா அன்போடு கொண்டுவந்த கஞ்சித் தண்ணீரில் புரதம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு டம்ளர் பாலில் ஆறேழு கிராம், ஒரு முட்டையில் ஆறு. மீதிக்குப் புரதப் பவுடர்தான். அந்த வாசனை அவளுக்குக் குமட்டியது. நானும் அவளும் ஒரு பழைய டைரியில் கோடு போட்டு எழுதுவோம்: மணி ஏழு, மோர் 30, ஏழேகால், தண்ணீர் 30, ஏழரை, பவுடர் கலந்த பால் 30. இரவு பத்து மணிக்குக் கூட்டிப் பார்த்தால் 1,100 இருக்கும். “நாளைக்குப் பாக்கலாம்டி” என்று படுத்துவிடுவாள். இதைத்தான் சுலபம் என்கிறார்கள்.

முதல் இரண்டு வாரம் திரவம், அப்புறம் இரண்டு வாரம் மிக்ஸியில் அரைத்தது, அதற்கப்புறம் குழைவானது. சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது, அரை மணி இடைவெளி வேண்டும். மூன்றாம் வாரம் மசித்த முட்டையில் நாலாவது கரண்டியைக் கொஞ்சம் அவசரமாக விழுங்கிவிட்டாள். நெஞ்சுக்குழியில் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவது மாதிரி இருக்கிறது என்றாள். வாயெல்லாம் எச்சில் ஊறி, வெள்ளை நுரையாக வாஷ்பேசினில் வந்தது. இருபது நிமிடம் குனிந்தே நின்றாள். ‘ரெண்டு வாய் கூடச் சாப்பிட்டாத்தான் தெம்பு’ என்று பாசத்தோடு ஊட்ட வருபவர்கள் அந்த இருபது நிமிடத்தைப் பார்க்க வேண்டும்.

வாந்தி நிற்காமல் தொடர்ந்தால் அங்கே வேறொரு ஆபத்து இருக்கிறது. நம் ஊரில் அதைத் தெரிந்துவைத்திருப்பவர்கள் குறைவு. வைட்டமின் பி1, அதாவது தயமின், உடம்பில் இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் சேமிப்பில் இருக்கும். அது தீர்ந்தால் பார்வை இரட்டையாகத் தெரியும், நடை தள்ளாடும், பேச்சும் நினைவும் குழம்பும். இது மூளைப் பாதிப்பு, தாமதித்தால் நிரந்தரமாகிவிடும். சோர்ந்து கிடப்பவரைத் தெருமுனை கிளினிக்குக்குக் கூட்டிப்போய் ‘ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க’ என்பது நம் பழக்கம். தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றினால் இந்தப் பாதிப்பு இன்னும் மோசமாகலாம். இந்த அறுவை செய்துகொண்டவர் என்பதை எந்த மருத்துவரிடம் போனாலும் முதல் வாக்கியமாகச் சொல்லிவிட வேண்டும். தலைவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபெனாக், இப்யூபுரோஃபன் கேட்டு வாங்குவதையும் விட்டுவிட வேண்டும், இரைப்பையில் புண் வந்துவிடும். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளைப் பழைய அளவிலேயே தொடர்வதும் ஆபத்து. அக்காவுக்கு ஆறாம் நாளே சர்க்கரை மருந்தைப் பாதிக்கும் கீழே குறைத்தார்கள். குறைக்காமல் இருந்திருந்தால் தாழ்சர்க்கரையில் மயங்கி விழுந்திருப்பாள்.

மூன்றாம் வாரம் எடைக் கருவியின் முள் அப்படியே நின்றுபோகும். பலர் அப்போது உடைந்துபோகிறார்கள். முதலில் வேகமாக இறங்கியதில் பெரும்பகுதி, உடம்பில் சேமித்த சர்க்கரையும் அதோடு கட்டுண்ட தண்ணீரும். அது தீர்ந்ததும் ஒரு நிறுத்தம் வரத்தான் செய்யும். கருவியை அலமாரி மேல் தூக்கி வைத்தேன். மூன்றாம் நாலாம் மாதத்தில் முடி கொட்டியபோதும் இதே கதைதான். பெரிய அறுவையும் வேகமான எடையிழப்பும் முடியை ஓய்வுநிலைக்குத் தள்ளுகின்றன, அது திரும்ப முளைக்கும்.

மனசைப் பற்றிச் சொல்வதற்குத்தான் அதிகம் இருக்கிறது.

இருபதாவது நாள் இருக்கும். நான் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். கடுகு வெடித்து, பெருங்காய வாசனை எழுந்த நேரம். அக்கா அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணில் நீர் வடிந்தபடி இருந்தது, துடைக்கக்கூட இல்லை. “பசிக்கல. ஆனா யாரோ செத்துப்போன மாதிரி இருக்குடி” என்றாள். அவள் கணவர் வெளியூர் வேலையில் தனியாக இருந்த வருடங்களில், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த இரவுகளில், அலுவலகத்தில் பேச்சு வாங்கிய நாள்களில், அவளுக்குத் துணையாக இருந்தது சாப்பாடுதான். அந்தத் துணை ஒரே நாளில் போய்விட்டது, அழுகை மட்டும் மிஞ்சியது. ‘ஏன் செஞ்சுக்கிட்டோம்’ என்று அந்த வாரத்தில் பலரும் நினைக்கிறார்கள். அவளைப் பார்த்த உணவு ஆலோசகர் இதைக் கேட்டு ஆச்சரியப்படவே இல்லை. “எல்லாரும் சொல்றதுதாம்மா, எங்ககிட்ட சொல்லிட்டீங்களே, நல்லது” என்றார்.

உணவு குறைந்தால் மனம் என்னவாகும் என்பதற்கு ஒரு பழைய சான்று இருக்கிறது. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944இல் தொடங்கிய ஒரு சோதனையில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர், ஆரோக்கியமான 36 இளைஞர்களை அவர்கள் சம்மதத்தோடு ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்தார். அவர்கள் எரிந்து விழுந்தார்கள், சோர்ந்து ஒதுங்கினார்கள், நாளெல்லாம் சாப்பாட்டைப் பற்றியே நினைத்தார்கள். சமையல் புத்தகம் சேர்த்தவர்களும் உண்டு. அவர்கள் பருமனானவர்கள் இல்லை, அறுவை செய்துகொண்டவர்களும் இல்லை. ஆனாலும் உணவு திடீரெனச் சுருங்கும்போது மனம் கலங்குவது குணக்கேடு இல்லை என்பதற்கு அது போதும்.

எடை குறைந்ததும் மனம் தானாகச் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையை எண்களும் ஏற்கவில்லை. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பைபாஸ் செய்துகொண்ட 7,925 பேரை அதே எண்ணிக்கையிலான மற்றவர்களோடு ஒப்பிட்ட ஆய்வு 2007இல் வெளிவந்தது. மொத்த இறப்பு 40 சதவீதம் குறைந்திருந்தது, சர்க்கரை நோயால் இறப்பு 92 சதவீதம் குறைந்திருந்தது. இந்த அறுவைக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் வேண்டாம். ஆனால் அதே ஆய்வில், விபத்து, தற்கொலை போன்ற நோயல்லாத காரணங்களால் நேர்ந்த இறப்பு 58 சதவீதம் அதிகம். பைபாஸுக்குப் பிறகு மது ரத்தத்தில் வேகமாக ஏறும். சாப்பாட்டில் தேடிய ஆறுதலைச் சிலர் அதில் தேடத் தொடங்குவதும் பதிவாகியிருக்கிறது. உடம்பு தேறுகிறது என்று ஊரே பாராட்டும்போது உள்ளே ஒருவர் உடைந்துகொண்டிருக்கலாம். ‘நல்லா இளைச்சுட்டியே, இப்ப சந்தோஷம்தானே’ என்று கேட்டால் ‘இல்லை’ என்று சொல்ல அவருக்கு வாய் வராது. மருத்துவமனைகள் அறுவைக்கு முன்பு ஒரு முறை மனநல ஆலோசகரைப் பார்க்கச் சொல்கின்றன. பின்பும் பார்க்கச் சொல்ல வேண்டும், வீட்டார் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

கடைசியாக வருவது, ‘அதான் ஒரு வருஷம் ஆச்சே, இன்னும் எதுக்கு மாத்திரை?’ போன மாதம் இதைக் கேட்டவரும் பெரியம்மாதான். பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி எல்லாம் ஆயுசுக்கும் வேண்டும். உணவின் அளவும், உடம்பு அதிலிருந்து சத்தை எடுத்துக்கொள்ளும் விதமும் மாறிவிட்டன, அவை பழையபடி திரும்பாது. அக்கா பெரியம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து மாத்திரை டப்பாவைத் திறந்து காட்டினாள். இது காலையில், இது மதியம், இரும்பையும் கால்சியத்தையும் சேர்த்துப் போடக் கூடாது, இடையில் இரண்டு மணி நேரம் விட வேண்டும். பெரியம்மா ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தார். பழைய டைரியையும் அக்கா எடுத்துக் கொடுத்தாள். ஒன்பதாம் நாள் பக்கத்தில் மாலை நான்கு மணிக்கு மேல் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. “அன்னிக்கு ஏன்டி எழுதல?” என்று பெரியம்மா கேட்டார்.

அக்கா சொன்னாள்.