அருவி விழும் குசினிகள்

எம்மவர் புலம்பெயர்ந்து வாழும் நாடுகளில், வீடு கட்டுவோரையும் திருத்துவோரையும் ஒரு புதிய ஆசை பிடித்திருக்கிறது. குசினியின் நடுவில் தீவு போல நிற்கும் மேடையின் கல், விளிம்போடு நின்றுவிடாமல் மடிந்து பக்கவாட்டில் நிலம் வரை இறங்கவேண்டும். நீர் வழிந்து விழுவது போன்ற தோற்றம் என்பதால் இதற்கு ‘வோட்டர்போல்’ என்று பெயர். நண்பர்கள் அனுப்பும் புதுமனைப் படங்களில் இப்போது அருவி இல்லாத குசினியைக் காண்பதே அரிதாகிவிட்டது.

அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கல் மடிவதில்லை. மேற்கல்லின் விளிம்பையும் பக்கக்கல்லின் விளிம்பையும் 45 பாகையில் சரிவாக அறுத்து, பசையால் ஒட்டி, மூட்டுத் தெரியாதவாறு தேய்த்து மினுக்கவேண்டும். 2.4 மீற்றர் நீளமான மேடையின் இருபுறமும் 90 சென்ரிமீற்றர் உயரத்துக்கு அருவியை இறக்கினால், தேவைப்படும் கல்லின் நீளம் 4.2 மீற்றராகிறது. முக்கால் பங்கு அதிகம்! அந்த மேலதிகக் கல்லின் மீது ஒரு வெங்காயத்தையேனும் நறுக்க முடியுமா? அது முழுவதும் பார்வைக்காக மட்டுமே.

பணம் உங்களுடையது, அதை எப்படிச் செலவழிப்பது என்பதும் உங்கள் விருப்பம். அதில் தலையிட நான் யார்? ஆனால் இந்த அழகுக்கு உங்கள் பணத்தைத் தவிர வேறொருவரின் மூச்சும் விலையாகிறது. அதனாற்றான் இதை எழுதுகிறேன்.

‘குவார்ட்ஸ்’ என்று கடைகளில் விற்கப்படுவது மலையில் உடைத்தெடுத்த கல்லன்று. நொறுக்கிய குவார்ட்ஸ் துகளைப் பிசினோடும் நிறங்களோடும் கலந்து, தொழிற்சாலையில் அழுத்தி வார்த்த பலகை அது. அதில் படிகச் சிலிக்கா 90 வீதத்துக்கு மேலும் இருக்கக்கூடும். கருங்கல்லில் அது பொதுவாக 45 வீதத்தைத் தாண்டுவதில்லை. சலவைக்கல்லில் மிகச் சொற்பம். குவார்ட்ஸ் பலகையை அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் எழும் நுண்தூசி நுரையீரலின் ஆழத்தில் தங்கி, அதை வடுக்களால் இறுக்கிவிடுகிறது. இதுவே சிலிக்கோசிஸ். இதைக் குணமாக்கும் மருந்து இல்லை. தொழிலை விட்டு விலகிய பின்னரும் நோய் முற்றக்கூடும். முற்றியவர்களுக்கு எஞ்சியிருக்கும் வழி நுரையீரல் மாற்றுச் சத்திரசிகிச்சை ஒன்றே.

கலிபோர்னியாவில் இந்நோய்க்கு ஆளான 52 கல்வெட்டும் தொழிலாளரைப் பற்றிய மருத்துவ ஆய்வொன்று 2023 இல் வெளியானது. அவர்களுள் 51 பேர் லத்தீன் அமெரிக்கக் குடியேறிகள். இடைநிலை வயது 45. ஆய்வு வெளியாகுமுன்னரே பத்துப் பேர் இறந்துவிட்டனர். பிழைப்புத் தேடி அந்நிய நாடொன்றுக்கு வந்து, கிடைத்த வேலையைச் செய்தவர்கள் இவர்கள். இந்தக் கதை எமக்குப் புதிதா? எம்மில் எத்தனை பேர் அப்படித்தான் தொடங்கினோம்!

“வீட்டில் பொருத்திய கல் எவருக்கும் கெடுதல் செய்வதில்லையே?” என்று கேட்பார்கள். உண்மை, செய்வதில்லை. வாங்கியவர் சுகமாக இருக்கிறார், அறுத்தவர் மூச்சுக்குத் தவிக்கிறார் என்பதுதானே இங்குள்ள அநீதி.

“தண்ணீர் ஊற்றி அறுத்து, முகமூடி அணிந்தால் போதுமே?” என்பது வியாபாரிகளின் வாதம். தண்ணீர் தூசியைக் குறைக்கும் என்பதை மறுக்கவில்லை. கலிபோர்னியா 2023 டிசம்பரில் அதைக் கட்டாயமாக்கவும் செய்தது. ஆனால் அவுஸ்திரேலியா பல ஆண்டுகள் விதிகளை இறுக்கிப் பார்த்தும் நோய் நின்றபாடில்லை. சிலிக்காவை 40 வீதத்துக்குக் குறைத்து விற்க அனுமதியுங்கள் என்ற யோசனையும் முன்வைக்கப்பட்டது. அந்த அளவு பாதுகாப்பானது என்பதற்குச் சான்றில்லை என்று கூறி, அந்நாட்டின் தொழிற் பாதுகாப்பு நிறுவனம் முழுத்தடையையே பரிந்துரைத்தது. 2024 ஜூலை 1 முதல் அங்கு இக்கல்லை உற்பத்தி செய்வதும், விற்பதும், அறுப்பதும், பொருத்துவதும் சட்டவிரோதம். 2025 ஜனவரி 1 முதல் இறக்குமதிக்கும் தடை. இவ்வாறு தடைவிதித்த முதல் நாடு அதுவே. சிட்னியிலும் மெல்பேர்ணிலும் சட்டம் செய்ததை, சட்டம் வராத நாடுகளில் வாழும் எம்மவர் தம் மனச்சாட்சியைக் கொண்டு செய்யலாகாதா?

“பொறுப்பு முதலாளியுடையது, வாங்குபவனுடையது அன்று” என்று தப்பிக்கவும் முடியாது. ஐந்து கடைகளில் விலை கேட்டு, மிகக் குறைந்த விலை சொன்ன ஆறாவது கடையில் வாங்குகிறோம். அந்த விலை எப்படிக் குறைந்தது என்று கேட்டோமா? தூசி உறிஞ்சும் இயந்திரத்துக்கும் நல்ல சுவாசக் கவசத்துக்கும் செலவழிக்காத இடத்தில் விலை தானாகக் குறையும்.

மாற்று வழிகள் உண்டு. மரம் இருக்கிறது, துருவேறா உருக்கு இருக்கிறது, லமினேற் பலகை இருக்கிறது. சிலிக்கா இல்லாத வார்ப்புப் பலகைகளும் வந்துவிட்டன. கல்தான் வேண்டுமெனில் சலவைக்கல்லையோ கருங்கல்லையோ தெரிவுசெய்யுங்கள். அதிலும், உலர்ந்த நிலையில் அறுக்க எவரையும் அனுமதிக்காதீர்கள். உங்கள் வீட்டு முற்றத்தில் வைத்துத் தேய்க்கவும் விடாதீர்கள். அருவியை விட்டுவிட்டால் நீண்ட சரிவு வெட்டுகளும் அவற்றின் தேய்ப்பும் இல்லாமற் போகும். வெட்டுக் குறைந்தால் தூசியும் குறையும்.

அடுத்த முறை கடைக்காரர் மாதிரித் துண்டுகளை மேசையில் பரப்பும்போது, நிறத்தைப் பற்றிக் கேட்குமுன் ஒன்றைக் கேளுங்கள்: இதில் சிலிக்கா எத்தனை வீதம், இதை அறுப்பவர் யார், எப்படி அறுக்கிறார்? பதில் சொல்லத் தயங்கும் கடையிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.