பழைய கார் வேண்டாம்; புதிய திரையும் வேண்டாம்

2022-ல் ஸ்வீடனைச் சேர்ந்த ‘வி பீலாகாரே’ என்ற வாகன இதழ் ஒரு சோதனை நடத்தியது. மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் ஓட்டிக்கொண்டே ஓட்டுநர் நான்கு சில்லறை வேலைகளை முடிக்க வேண்டும். இருக்கையின் சூட்டைக் கூட்டுவது, சொன்ன வானொலி நிலையத்துக்கு மாற்றுவது, பயணக் கணக்கைப் பூஜ்யமாக்குவது, டாஷ்போர்டு வெளிச்சத்தைக் குறைப்பது போன்றவை. புத்தம் புதிய பதினோரு கார்களோடு 2005-ம் ஆண்டின் வால்வோ வி70 ஒன்றையும் களத்தில் இறக்கினார்கள். அந்தக் கிழட்டு வால்வோவில் எல்லாம் பத்து விநாடியில் முடிந்தது. அதற்குள் வண்டி 306 மீட்டர் ஓடியிருந்தது. பெரிய தொடுதிரை வைத்த எம்ஜி மார்வெல் ஆர் காரிலோ 44 விநாடிக்கும் மேல் ஆனது. ஒரு கிலோமீட்டரைத் தாண்டியும் ஓட்டுநரின் கண் சாலைக்கும் திரைக்கும் இடையே அல்லாடிக்கொண்டிருந்தது.

பழைய வண்டிப் பிரியர்கள் இதைப் படித்ததும் ‘அப்பவே சொன்னோமே’ என்பார்கள். கொஞ்சம் பொறுக்க வேண்டும். அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்களின் பணத்தில் இயங்கும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வகம் ஒன்று உண்டு. அது 2009-ல் தன் ஐம்பதாம் ஆண்டு நிறைவுக்காக 1959-ம் ஆண்டின் செவர்லே பெல் ஏர் காரையும் 2009-ம் ஆண்டின் செவர்லே மாலிபுவையும் தலா 64 கி.மீ. வேகத்தில் மோதவிட்டது. பெல் ஏர் பார்ப்பதற்கு யானை மாதிரி இருக்கும். மோதியதும் அதன் ஓட்டுநர் பகுதி அப்பளமாக நொறுங்கியது; ஸ்டியரிங் சோதனைப் பொம்மையின் மேல் பாய்ந்தது. உயிருள்ள ஆள் உட்கார்ந்திருந்தால் அங்கேயே போயிருப்பார். மாலிபுவில் இருந்தவருக்குக் காலில் சிறு காயம்தான் பட்டிருக்கும். ‘அந்தக் காலத்து இரும்பு’ என்று நம் ஊரில் பெருமையாகத் தட்டிக் காட்டுகிறோமே, அந்த இரும்பின் கதை இது. நொறுங்க வேண்டிய இடத்தில் நொறுங்கி மோதலின் விசையை வாங்கிக்கொள்ளும்படி முன்பகுதியை வடிவமைக்கும் வித்தை அந்தக் காரில் இல்லை. முன்பகுதி வாங்கிக்கொள்ளாத விசை உள்ளே இருப்பவர் மேல்தான் போய் விழும்.

அவ்வளவு பின்னால் போகவும் வேண்டாம். 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் விற்ற ஐந்து சிறிய கார்களை ஏர்பேக் இல்லாத வடிவத்தில் இதே 64 கி.மீ. வேகத்தில் மோதிப் பார்த்தது. மாருதி ஆல்டோ 800, டாடா நானோ, ஃபோர்டு ஃபிகோ, ஹூண்டாய் ஐ10, ஃபோக்ஸ்வாகன் போலோ. பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஐந்துக்கும் பூஜ்ய நட்சத்திரம். இவற்றில் ஃபிகோ மறைமலைநகரில் செய்தது. ஐ10 ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் செய்தது. அதே போலோவை இரண்டு ஏர்பேக்கோடு மோதியபோது நான்கு நட்சத்திரம் வாங்கியது. நிறுவனம் ஏர்பேக் இல்லாத போலோவை விற்பதை நிறுத்திக்கொண்டது.

ஆக, ‘ஹைடெக்’ என்ற ஒரே மூட்டையில் கட்டி நம்மிடம் விற்பதில் இரண்டு வகைச் சரக்கு இருக்கிறது. ஏர்பேக், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ், வளைவில் வண்டி வழுக்கினால் தானே நிமிர்த்தும் இஎஸ்சி, நொறுங்கி விசை வாங்கும் முன்பகுதி, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் எல்லாம் முதல் வகை. ஓட்டுகிறவரிடம் இவை எதையும் கேட்பதில்லை. கன்வெர்ட்டரைத் தவிர மற்றவை இருப்பதே தெரியாமல் வருஷக்கணக்கில் கிடந்து, ஒரே ஒரு நாள், அரை விநாடி, வேலை செய்யும். தொடுதிரையும் குரல் கட்டளையும் கைபேசிச் செயலியும் மாதச் சந்தாவும் இரண்டாம் வகை. அவை முதலில் நம் கண்ணைக் கேட்கின்றன, பிறகு கவனத்தை, கடைசியில் பர்ஸை. தினமும் அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் ஓட்டும் காருக்கு முதல் வகை கட்டாயம் வேண்டும். இரண்டாம் வகை வேண்டியதில்லை என்பது என் கட்சி.

ஏடிஏஎஸ் என்ற ஓட்டுநர் உதவி வசதியைப் பற்றி இப்போது விளம்பரங்களில் முழங்குகிறார்களே, அது இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. முன்னால் போகும் வண்டியைக் கவனித்துத் தானே பிரேக் போடும் வசதி, பின்னால் போய் இடிக்கும் விபத்துகளைப் பாதியாகக் குறைத்திருக்கிறது என்று அதே அமெரிக்க ஆய்வகம் கணக்குச் சொல்கிறது. அதை நான் முதல் வகையில் சேர்ப்பேன். ஆனால் தடம் மாறினால் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுக்கும் வசதிக்கு வெள்ளைக் கோடு வேண்டும். நம் மாவட்டச் சாலைகளில் கோட்டைத் தேடிக் கண்டுபிடிக்க அதற்கே ஒரு கேமரா போதாது. இருசக்கர வாகனம் குறுக்கே நுழையும்போது இடமோ வலமோ ஒதுங்கப் போகும் ஓட்டுநரோடு ஸ்டியரிங் மல்லுக்கு நிற்கும். அதனால்தான் பலர் வண்டியை எடுத்ததும் அதை அணைத்துவிடுகிறார்கள். சில கார்களில் ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்யும்போதும் திரைக்குள் புகுந்து அணைக்க வேண்டியிருப்பது தனி வேடிக்கை.

நம் நாட்டில் இந்த இரண்டு சரக்கையும் பிரித்து வாங்க முடியாதபடி நிறுவனங்கள் நெடுங்காலம் பார்த்துக்கொண்டன. ஏர்பேக் வேண்டுமா? டாப் எண்ட் மாடல் வாங்கு. அதோடு அலாய் வீல், சன்ரூஃப், திரை எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பணம் கட்டு என்பதுதான் ஷோரூமில் கிடைத்த பதில். உயிரைக் காக்கும் பையை ஆடம்பரப் பொருள்போல விற்றார்கள். இதை மாற்றியது சந்தையல்ல, சட்டம். 2019 ஏப்ரலில் ஏபிஎஸ், அதே ஆண்டு ஜூலையில் ஓட்டுநர் ஏர்பேக்கும் சீட் பெல்ட் எச்சரிக்கையும், அக்டோபரில் ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கும் மோதல் சோதனை விதி, 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 புகை விதி, 2022 தொடக்கத்தில் முன்பக்கப் பயணிக்கும் ஏர்பேக் என்று வரிசையாக வந்தன. ஆறு ஏர்பேக்கைக் கட்டாயமாக்கும் திட்டத்தை மட்டும் அரசு 2023-ல் கைவிட்டது. ஆனால் அதற்குள் வாடிக்கையாளர் விழித்துக்கொண்டார். ஹூண்டாய் அந்த ஆண்டு அக்டோபரிலேயே தன் எல்லா மாடல்களிலும் ஆறு ஏர்பேக் தருவதாக அறிவித்தது. 2024 நவம்பரில் வந்த மாருதி டிசையரின் பேஸ் மாடலிலேயே ஆறு ஏர்பேக்கும் இஎஸ்சியும் உண்டு. பெரியவர்களுக்கான பாதுகாப்பில் குளோபல் என்கேப் சோதனையில் ஐந்து நட்சத்திரம். அந்த பேஸ் மாடலில் தொடுதிரை கிடையாது. ஏசிக்குத் திருகு, ஹேண்ட் பிரேக்குக்குக் கம்பி, ஸ்டார்ட் செய்யச் சாவி.

பேஸ் மாடல் என்றால் கல்யாணத்துக்குக் கவரிங் நகை போட்டுப் போவதுபோல நம் ஆட்களுக்கு ஒரு கூச்சம். இன்றைக்கு வாங்கக் கிடைப்பதில் அறிவுள்ள கார் அதுதான் என்பேன்.

சரி, அம்பாசடர்? அதைப் பேசாமல் நம் ஊரில் இந்த விவாதம் முடியாது. மோரிஸ் ஆக்ஸ்போர்டின் மூன்றாம் வரிசையை வைத்து மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 1950-களின் கடைசியில் செய்யத் தொடங்கி, 2014 மே மாதம் நிறுத்தினார்கள். அதே ஆண்டு ஜனவரியில் மாருதி 800-ம் நின்றது. இந்த இரண்டு வண்டிகளின் மேல் நமக்கிருக்கும் பாசத்துக்குக் காரணம் அவற்றின் வேகமோ சொகுசோ இல்லை. எந்த ஊர் முக்கில் நின்றாலும் ஒரு மெக்கானிக் வந்து பாயிண்டை உப்புத்தாளில் தேய்த்து, பிளக்கைத் துடைத்து, கார்பரேட்டரை ஊதிக் கிளப்பிவிடுவார். அதற்கு வேண்டிய அறிவு ஊரெங்கும் பரவிக் கிடந்தது. பாகம் சென்னை புதுப்பேட்டையில் கிடைத்தது. அந்த ஏக்கத்தில் நியாயம் இருக்கிறது. அதற்காகக் கார்பரேட்டர் திரும்ப வேண்டியதில்லை. பழுதுபார்க்கும் உரிமை திரும்பினால் போதும்.

அந்த உரிமை எப்படிப் போனது என்பதற்கு ஆவணமே இருக்கிறது. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சேர்த்து 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அசல் உதிரி பாகங்களையும் பழுதைக் கண்டறியும் கருவிகளையும் வெளிச்சந்தையில் விற்காமல், வாடிக்கையாளர்களைத் தங்கள் சர்வீஸ் சென்டருக்கே வரவைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. தனி மெக்கானிக்குகளுக்கும் அவற்றைக் கொடுங்கள் என்று ஆணையம் உத்தரவிட்டது. நிறுவனங்கள் தீர்ப்பாயம், உயர் நீதிமன்றம் என்று போயின. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. இதற்கிடையே வண்டி மாறிவிட்டது. இன்று பேட்டரியை மாற்றினாலும், முன்கண்ணாடியை மாற்றினாலும், சாவி ஒன்று தொலைந்தாலும் சில கார்களில் மென்பொருள் ஒப்புதல் தர வேண்டியிருக்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் கேமரா இருந்தால் அதை மறுபடி அளவு பார்த்துப் பொருத்தியாக வேண்டும். முப்பது வருஷ அனுபவமுள்ள மெக்கானிக் இன்ஜின் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லிவிடுவார். ஆனால் கம்பெனி ஸ்கேனருக்குக் கடவுச்சொல் இல்லாததால் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார். 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் துறை இதற்கென்று குழு அமைத்தது. வாகனத் துறையையும் சேர்த்து இணையதளம் திறந்தது. சட்டம் மட்டும் வரவில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012-லேயே சட்டம் வந்தது. 2020-ல் காரிலிருந்து கம்பியில்லாமல் போகும் தகவலையும் உரிமையாளருக்கும் அவர் மெக்கானிக்குக்கும் திறந்துவிட வேண்டும் என்று நான்கில் மூன்று பங்கு வாக்காளர்கள் வாக்களித்தார்கள்.

நிறுவனமே கடையைக் கட்டிவிட்டால்? ஃபோர்டு 2021-ல் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. ஆனாலும் ஃபிகோக்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் பார்க்க வெளி மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் ஃபிஸ்கர் என்ற மின்சார கார் நிறுவனம் 2024 ஜூனில் திவாலானபோது ‘ஓஷன்’ கார் வாங்கியவர்கள் சர்வரும் மென்பொருளும் இனி யார் பொறுப்பு என்று தெரியாமல் திண்டாடினார்கள். கடைசியில் உரிமையாளர்களே சங்கம் வைத்துத் தங்கள் கார்களைக் காப்பாற்றக் கிளம்பினார்கள். இந்த வித்தியாசத்தைக் கார் வாங்கும்போது யாரும் விலைப்பட்டியலில் காட்டுவதில்லை.

சென்னைக்காரர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாக கார்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். சிரித்தவர்கள் 2015 வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் மறந்தவர்கள். இன்ஜினுக்குள் தண்ணீர் போனால் பழைய வண்டியும் படுக்கும்தான். ஆனால் தரை விரிப்புக்குக் கீழேயும் இருக்கைக்கு அடியிலும் ஒயரிங்கும் கன்ட்ரோல் யூனிட்டும் நிறைந்த காரில் இடுப்பளவு தண்ணீர் ஏறினால், பழுதுபார்க்கும் செலவு காரின் காப்பீட்டு மதிப்பையே நெருங்கிவிடும்.

இரண்டாம் வகைச் சரக்கில் இன்னொரு வில்லங்கம், கார் நம்மை வேவு பார்ப்பது. 2023-ல் மொஸில்லா அறக்கட்டளை 25 கார் பிராண்டுகளின் தனியுரிமைக் கொள்கையைப் படித்துப் பார்த்தது, ஒன்றுகூடத் தேறவில்லை. நம் நாட்டில் இதைப் பற்றி ஷோரூமில் கேள்வி கேட்டால் விற்பனையாளர் நம்மை விநோதமாகப் பார்ப்பார்.

இவ்வளவும் சொன்னபின் இருபது வருஷத்து வண்டியைத் தேடி வாங்கிவிடலாமா என்றால், கூடாது. 2022-ல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் இல்லாத காரில் குடும்பத்தோடு திருச்சி நெடுஞ்சாலையில் நூறில் போவது எளிமை ஆகாது. செலவும் முன்புபோல இல்லை. 15 வருஷம் தாண்டிய காரின் ஆர்.சி.யைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் ஆனது. 20 வருஷம் தாண்டியதற்கு 2025-ல் 10,000 ஆக்கிவிட்டார்கள். பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள். பழைய கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொன்னது. பழைய ரப்பர் குழாய்களின் கதி வேறு. ஊருக்கு உள்ளே ஓட்டும் பழைய டீசல் காருக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்குக் கக்கும் தூசுத் துகளின் வரம்பை பாரத் ஸ்டேஜ் 6 விதி 25 மில்லிகிராமிலிருந்து 4.5 மில்லிகிராமாகக் குறைத்தது. அதே நேரம், தினம் நாலு கிலோமீட்டர் போகிறவர் புது டீசலும் வாங்கக் கூடாது. அதன் புகை வடிகட்டியில் சேரும் கரி எரிந்து தீர, நெடுஞ்சாலையில் நிறுத்தாமல் கொஞ்ச நேரம் ஓட்ட வேண்டும். ஊருக்குள்ளேயே சுற்றினால் அடைத்துக்கொள்ளும்.

எனவே கணக்கு இப்படி முடிகிறது. புதிதாக வாங்குகிறவர் ஆறு ஏர்பேக்கும் இஎஸ்சியும் உள்ள பெட்ரோல் காரின் பேஸ் மாடலையோ அதற்கு அடுத்ததையோ வாங்கலாம். பழைய கார் வாங்குகிறவர் 2020 ஏப்ரலுக்குப் பின் செய்த வண்டியைப் பார்க்கட்டும். மோதல் விதியும் புகை விதியும் அதில் அடங்கிவிடும். கையில் இருக்கும் 2012 மாடல் காரில் இரண்டு ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் இருந்து, மெக்கானிக்கும் சரி என்றால், அதை மாற்ற அவசரம் இல்லை. அவசரம் காட்டுவது ஷோரூம்காரர் சொல்லும் எக்ஸ்சேஞ்ச் போனஸ் மட்டும்தான்.

ஐரோப்பாவின் யூரோ என்கேப் 2026 முதல் இண்டிகேட்டர், அபாய விளக்கு, ஹாரன், வைப்பர், அவசர அழைப்பு ஆகிய ஐந்துக்கும் கையால் தொட்டு உணரும் பொத்தானோ கம்பியோ இல்லையென்றால் முழு மதிப்பெண் தர மறுக்கிறது. 2023 அக்டோபரில் தொடங்கிய நம் பாரத் என்கேப்பிலும் இந்த விதி வர வேண்டும். அதில் ஏசித் திருகையும் சேர்க்க வேண்டும். நம் வெயிலில் அதைத்தான் அடிக்கடி தொடுகிறோம். பழுதுபார்க்கும் உரிமையை இணையதளத்திலிருந்து எடுத்துச் சட்டப் புத்தகத்தில் எழுத வேண்டியது மத்திய அரசின் வேலை. அதுவரை ஷோரூமுக்குப் போகிறவர்கள் திரை எத்தனை அங்குலம் என்று கேட்பதை விட்டு, இந்தக் காரின் ஸ்கேனர் வெளி மெக்கானிக்குக்குக் கிடைக்குமா என்று கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் விற்பனையாளர் மேலிடத்தில் கேட்டுத்தான் ஆக வேண்டும்.