பாலம் தாண்டினால் குற்றம்

2013 அக்டோபரில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள பிலடெல்பியாவைச் சேர்ந்த ஒரு இளம் தாய், பக்கத்து மாநிலமான நியூஜெர்சியில் கார் ஓட்டிக்கொண்டு போனார். தடம் மாறியது சரியில்லை என்று காவலர் வண்டியை நிறுத்தினார். தன்னிடம் துப்பாக்கி இருப்பதை அந்தப் பெண் தானாகவே சொல்லி, பென்சில்வேனியா வழங்கிய உரிமத்தை எடுத்து நீட்டினார். வழிப்பறிக்கு ஆளானபின் தற்காப்புக்காக வாங்கிய துப்பாக்கி அது. குற்றப் பின்னணி எதுவும் இல்லாதவர். ஆனாலும் அங்கேயே கைதானார். பென்சில்வேனியாவின் உரிமம் நியூஜெர்சியில் செல்லாது. அந்த மாநிலத்தின் கிரேவ்ஸ் சட்டப்படி, மூன்றாண்டுக்குக் குறையாத கட்டாயச் சிறை அவர் முன் நின்றது.

ஒரு மாதத்துக்கும் மேல் அவர் சிறையில் இருந்தார். வழக்குக்குப் பதிலாகச் சீர்திருத்த வாய்ப்பு தரும்படி கேட்டபோது அரசுத் தரப்பு முதலில் மறுத்தது. சூதாட்ட விடுதியின் லிஃப்டில், மணக்கவிருந்த பெண்ணை அடித்து மயங்கி விழச்செய்த அமெரிக்கக் கால்பந்து வீரர் ரே ரைஸுக்கு அதே வாய்ப்பைத் தந்தது அதே மாவட்டத்தின் அரசு வழக்கறிஞர் அலுவலகம்தான். ஊடகங்கள் இதை எழுதி எழுதிக் கேட்ட பிறகே அரசுத் தரப்பு இறங்கி வந்தது. 2015 ஏப்ரலில் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்பு வழங்கினார். பிலடெல்பியாவையும் நியூஜெர்சியையும் பிரிப்பது டெலவேர் ஆறு. பாலத்தைக் கடக்கச் சில நிமிடங்கள் போதும். அக்கரையில் ஒருவருக்கு உரிமையாக இருப்பது இக்கரையில் சிறைத் தண்டனைக்குரிய குற்றமாகிவிடுகிறது.

இந்தியாவில் ஆயுத உரிமத்தின் அடிப்படை 1959-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம். உரிமம் எந்த எல்லைவரை செல்லும் என்பதும் அதிலேயே எழுதப்பட்டிருக்கும். அமெரிக்காவில் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்வதற்கான உரிமத்தை அந்தந்த மாநிலம் தருகிறது. எந்தெந்த மாநிலத்தின் உரிமத்தை ஏற்பது என்பதையும் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக முடிவு செய்கிறது. கலிஃபோர்னியாவும் நியூயார்க்கும் வேறு எந்த மாநிலத்தின் உரிமத்தையும் ஏற்பதில்லை. 2024 நிலவரப்படி 29 மாநிலங்களில் உரிமமே தேவையில்லை. மிச்சிகனில் காவலர் நிறுத்தியவுடன் துப்பாக்கி இருப்பதைச் சொல்லியாக வேண்டும். பென்சில்வேனியாவில் தானாகச் சொல்லும் கடமை கிடையாது. சொன்னாலும் ஆபத்து விலகிவிடாது. 2016-இல் மின்னசோட்டாவில் பிலாண்டோ காஸ்டில் என்ற கருப்பினத்தவர், தன்னிடம் துப்பாக்கி இருப்பதைக் காவலரிடம் பணிவாகச் சொன்னார். அடுத்த சில நொடிகளில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரிடம் உரிமம் இருந்தது.

இன்னொரு சிக்கல் பலருக்குத் தெரியாதது. பள்ளிக்கு ஆயிரம் அடிக்குள் துப்பாக்கி கூடாது என்கிறது அமெரிக்க மத்தியச் சட்டம். உரிமம் உள்ளவருக்கு அதில் விலக்கு உண்டு. ஆனால் அந்தப் பள்ளி இருக்கும் மாநிலமே தந்த உரிமமாக இருக்க வேண்டும். ஆகவே பக்கத்து மாநிலம் உங்கள் உரிமத்தை ஏற்றிருந்தாலும், அங்கே நெடுஞ்சாலையை விட்டு ஊருக்குள் திரும்பிப் பள்ளிக்கூடச் சாலையில் போனால் மத்தியச் சட்டத்தின் கண்ணில் நீங்கள் குற்றவாளி.

பயணிகளைக் காக்கத்தான் நாடாளுமன்றம் 1986-இல் ஒரு சட்டம் செய்தது. புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் துப்பாக்கி வைத்திருக்க அனுமதி இருந்தால், தோட்டாவை அகற்றிக் கைக்கெட்டாத இடத்தில் வைத்து நடுவிலுள்ள மாநிலங்களைக் கடக்கலாம் என்கிறது அது. ஏட்டில் நல்ல சட்டம். 2005-இல் யூட்டாவைச் சேர்ந்த ஒருவர் அதை நம்பி, துப்பாக்கியைப் பூட்டிய பெட்டிக்குள் வைத்துப் பென்சில்வேனியாவுக்குப் பறந்தார். நியூஜெர்சியின் நியூவர்க்கில் இணைப்பு விமானம் தவறியது. பெட்டியை வாங்கிக்கொண்டு விடுதியில் இரவு தங்கினார். காலையில் விமான நிலையம் திரும்பி, பெட்டியில் துப்பாக்கி இருப்பதை அறிவித்தார், கைதானார். வழக்கு பிறகு கைவிடப்பட்டது. கைது தவறு என்று அவர் தொடுத்த வழக்கிலோ, விடுதியில் பெட்டி அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால் 1986 சட்டம் காக்காது என்று 2010-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெட்டியை வாங்கும் முன்பே விமான நிலையக் காவலரை நாடியிருக்கலாம் என்பது தீர்ப்பில் இருந்த யோசனை. விமானத்தைத் தவறவிட்டு அலையும் பயணியிடம் சட்ட வல்லுநரின் முன்யோசனையை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இந்த வேதனைகளைக் காட்டித்தான், ஒரு மாநிலத்தின் அனுமதியை எல்லா மாநிலங்களும் ஏற்க வேண்டும் என்ற மசோதாவைக் குடியரசுக் கட்சியினர் முன்வைக்கிறார்கள். 2017 டிசம்பரில் பிரதிநிதிகள் சபை 231-க்கு 198 என்ற கணக்கில் அதை நிறைவேற்றியது, செனட் எடுத்துக்கொள்ளவில்லை. 2025 ஜனவரியில் மறுபடி கொண்டுவந்தார்கள். ஓட்டுநர் உரிமம் நாடெங்கும் செல்லவில்லையா என்பது அவர்களின் கேள்வி. கேட்கச் சரியாகத் தோன்றினாலும் இந்த வாதம் நிற்காது. சாதாரண ஓட்டுநர் உரிமத்தை எந்த மத்தியச் சட்டமும் மாநிலங்களின் தலையில் கட்டவில்லை. எல்லா மாநிலங்களிலும் வண்டி ஓட்டிக் காட்டித் தேர்வு பெறும் முறை இருப்பதால், ஒன்றையொன்று நம்பித் தாமாகவே ஏற்றுக்கொண்டன. துப்பாக்கியில் அந்த நம்பிக்கைக்கு அடிப்படை இல்லை. இல்லினாய் 16 மணி நேரப் பயிற்சி கேட்கிறது. பென்சில்வேனியா பயிற்சியே கேட்பதில்லை. காவலர் சரிபார்க்க நாடு தழுவிய பதிவேடும் கிடையாது. உரிமமே தேவையில்லாத மாநிலத்தவரும் அந்த மசோதாப்படி நியூயார்க்கில் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம். அதாவது ஆகத் தளர்ந்த மாநிலத்தின் விதியே ஐம்பது மாநிலங்களுக்கும் விதியாகிவிடும். நெரிசல் மிகுந்த நகரத்தைத் தன் மக்களின் பாதுகாப்பை எண்ணி ஆளும் உரிமையை அங்குள்ளவர்களிடமிருந்து இப்படிப் பறிக்கக் கூடாது.

ஆனால் கெடுபிடி மாநிலங்களும் தங்கள் பங்குக்குத் திருந்த வேண்டும். துப்பாக்கியைக் காட்டி மிரட்டியவனுக்கும், தானே முன்வந்து சொன்ன தாய்க்கும் ஒரே கட்டாயத் தண்டனை என்பது கொடுமை. 2014-இல் நியூஜெர்சி அரசு, வெளிமாநில உரிமதாரர்களைச் சிறைக்கு அனுப்பும்முன் நிலைமையைப் பார்க்கும்படி அரசு வழக்கறிஞர்களுக்கு அறிவுறுத்தியது. அறிவுறுத்தல் போதாது, அது சட்டமாக வேண்டும். இரவு தங்குவதும் விமானம் தவறுவதும் பயணத்தின் பகுதிதான் என்று 1986 சட்டத்தையும் திருத்த வேண்டும். பரஸ்பர ஏற்பு வேண்டுமென்றால் அதற்கு முன் 21 வயது, சுட்டுக் காட்டும் தேர்வு, பொதுப் பதிவேடு ஆகியவற்றை நாடு முழுமைக்கும் குறைந்தபட்சத் தகுதியாக்கட்டும். 2009-இல் பரஸ்பர ஏற்புக்கான திருத்தம் செனட்டில் 58 வாக்கும், 2013-இல் 57 வாக்கும் பெற்றுத் தோற்றது, தேவைப்பட்டவை 60. பயிற்சியும் பதிவேடும் மசோதாவில் இடம்பெற்றால் அந்த இரண்டு மூன்று வாக்குகளை எதிர்த்தரப்பிலிருந்தே கேட்டுப் பெற முடியும்.